ஒரு சாண் பலகை

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சென்றால், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்தி என்னும் இடத்தை அடையலாம். மழைக்காலத்தில் அங்கே அருவி ஒன்று விழும். 1967-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற சிறியதொரு விலங்கியல் பூங்காவும் உண்டு. விடுமுறை நாட்களில் மாணவர்கள் கூட்டமாகச் சென்று, மானையும் மயிலையும் கண்டு களித்துத் திரும்புகின்றனர். அவர்களுள் எத்தனை பேர் அங்கே நிற்கும் மரங்களை ஏறிட்டுப் பார்க்கின்றனர் என்பது ஐயமே. தேக்கும், வேங்கையும், சந்தனமும் வளரும் மலை அது.

மாணவ நண்பர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் காடு அன்று. ஓய்வு நேரத்தில் பலகையில் பூவும் கொடியும் அறுத்தெடுக்க உதவும் மெல்லிய ரம்பம் ஒன்றைப் பற்றியதே இப்பேச்சு. எனினும் காட்டிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. நம் கையில் இருக்கும் ஒரு சாண் பலகை எங்கிருந்து வந்தது, எத்தனை ஆண்டில் வளர்ந்தது என்பதை அறிந்தவனே அதை வீணாக்க அஞ்சுவான்.

சந்தன மரத்தையே எடுத்துக்கொள்வோம். அது முழுதும் தன் முயற்சியால் வாழும் மரம் அன்று. தன் வேர்களால் அண்டையிலுள்ள செடிகொடிகளின் வேர்களைப் பற்றி, அவற்றினின்றும் நீரும் உணவுச் சத்தும் பெறுகிறது. அதன் மணமெல்லாம் உள்ளே பாயும் வைரத்தில் இருக்கிறது. அவ்வைரம் நன்கு முற்றுவதற்கு 30 ஆண்டும் அதற்கு மேலும் ஆகும். கோடரி கொண்டு அதனை வீழ்த்தச் சில நிமிடங்கள் போதும். இவ்வாறு வளர்ச்சியினும் வெட்டு விரைந்ததனால், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1998-ஆம் ஆண்டில் சந்தனத்தை அழிவுக்கு ஆளாகக்கூடிய இனங்களுள் ஒன்றாக அறிவித்தது.

மரத்தை வெட்டுவதால் வரும் துன்பம் மரத்தோடு நிற்பதும் இல்லை. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், ஆந்திர மாநிலத்துச் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டச் சென்றவர்கள் என்று சொல்லப்பட்ட தமிழ்நாட்டவர் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஜவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்தவரும் இருந்தனர். விலையுயர்ந்த மரத்தின் பயன் தொலைவில் எவருக்கோ சென்று சேர, கோடரி பிடித்த ஏழையின் குடும்பத்துக்குக் கண்ணீரே மிஞ்சியது. மரத்தின் மதிப்பு அதன் எடையில் இருக்கிறது என்று எண்ணும் வரையில் இத்தகைய துயரம் ஓயாது. அதன் மதிப்பைக் கைத்திறத்தால் உயர்த்தலாம் என்று காட்டும் தொழில்கள் பல உள்ளன. அவற்றுள் ஒரு மாணவன் மிகக் குறைந்த செலவில், வீட்டுத் திண்ணையிலேயே பழகக்கூடிய ஒன்றுதான் பிரட் ரம்ப வேலை.

பிரட் ரம்பத்தின் அமைப்பு எளியது. வில்லைப் போல் வளைந்த இரும்புச் சட்டம். அதன் இரு முனைகளுக்கும் இடையே நாணைப் போல் இழுத்துக் கட்டிய, சுமார் 5 அங்குல நீளமுள்ள எஃகு அலகு. கீழே ஒரு கைப்பிடி. அலகின் அகலம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று முன்பின் இருக்கும். சட்டத்தின் வளைவு மட்டும் மிக ஆழமானது. பலகையின் நடுப்பகுதிவரை அலகு சென்று எட்டவேண்டும் அன்றோ? மேசையின் விளிம்பில், பறவை வாய் திறந்தாற்போல் முன்புறம் பிளந்த ஒரு சிறு பலகையை இறுக்கிப் பொருத்திக்கொள்வார்கள். அறுக்கவேண்டிய பலகையை அப்பிளவின்மேல் வைத்து, இடக்கையால் அதைத் திருப்பிக்கொண்டே, வலக்கையால் ரம்பத்தை மேலும் கீழுமாக இயக்கவேண்டும். தச்சரின் பெரிய ரம்பம் நேர்க்கோட்டில் செல்லும். இதுவோ எழுதுகோலைப் போல் நினைத்த பக்கமெல்லாம் திரும்பும்.

இதே தத்துவத்தில் மின்விசையால் இயங்குவது ஸ்க்ரோல் ரம்பம். அதில் அலகு தானே மேலும் கீழும் ஓடும். இரு கைகளும் பலகையைத் திருப்புவதற்கு ஓய்வாக இருக்கும். மின்விசை வீடுகளுக்கு வருவதற்கு முன்பு, தையல் எந்திரத்தைப் போல் காலால் மிதித்து இயக்கும் ரம்பங்களும் மேலை நாடுகளில் பெருவழக்காக இருந்தன.

இச்சிறு கருவியின் வரலாறு பெரிது. பிரான்சு நாட்டில் பதினான்காம் லூயி மன்னனுக்காக மரச்சாமான்கள் செய்த ஆந்திரே சார்ல் பூல் என்னும் கலைஞன் 1642 முதல் 1732 வரை வாழ்ந்தவன். அவன் பித்தளைத் தகட்டையும் ஆமையோட்டுத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே வரையில் இரண்டையும் சேர்த்து அறுத்தான். அறுத்தபின் ஒன்றின் பூவை மற்றொன்றின் வெற்றிடத்தில் பதித்தான். இதனால் ஒரே உழைப்பில் இரண்டு சித்திரங்கள் கிடைத்தன. ஒன்றில் இருண்ட நிலத்தில் பொன்னிறப் பூ, மற்றொன்றில் பொன்னிற நிலத்தில் இருண்ட பூ. வெட்டிய துண்டு எதுவும் குப்பைக்குப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் அண்டை மாநிலத்தில் மைசூர் நகரம் ஈட்டி மரத்தில் செய்யும் பதிப்பு வேலைக்குப் பெயர்பெற்றது. கருமை கலந்த ஈட்டிப் பலகையில், வேறு வேறு நிறமுடைய மரத்துண்டுகளை மெல்லிய ரம்பத்தால் அறுத்துப் பதிக்கிறார்கள். யானையும், தேரும், மலைக்காட்சியும் வண்ணப்பூச்சே இன்றி மரங்களின் இயற்கை நிறத்தாலேயே உருவாகின்றன.

இலண்டன் மாநகரில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்னும் நிலப்பட வரைஞர் 1760-களில் மற்றொரு வழி கண்டார். நிலப்படத்தை மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோடுகள் வழியே அறுத்துத் துண்டுகளாக்கினார். குழந்தைகள் அவற்றை மீண்டும் பொருத்திப் பூகோளம் கற்றனர். இன்று கடைகளில் விற்கும் சித்திரப் புதிர்களெல்லாம் அப்பாடக் கருவியின் வழிவந்தவையே.

நீங்களும் முதல் வேலையாக அதையே செய்து பார்க்கலாம். தமிழ்நாட்டு மாவட்டப் படத்தை 4 மில்லிமீட்டர் கனமுள்ள ஒட்டுப்பலகையில் ஒட்டுங்கள். ஒரே முயற்சியில் எல்லா மாவட்டங்களையும் அறுக்க முற்படாதீர்கள். நீண்ட எல்லைகளின் வழியே பலகையை முதலில் நான்கைந்து பகுதிகளாக்கி, பிறகு ஒவ்வொன்றையும் பிரித்தால் துண்டுகள் முறியமாட்டா. வட ஆற்காடு என்று ஒரே மாவட்டமாக இருந்தது 1989-இல் இரண்டாயிற்று. திருவண்ணாமலை தனியே பிரிந்தது. எஞ்சிய வேலூர் மாவட்டம் 2019-இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாயிற்று. மயிலாடுதுறையும் 2020-இல் சேர்ந்து, மொத்தம் 38 துண்டுகள் உங்கள் கையில் இருக்கும். வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்னும் மூன்று துண்டுகளும் ஒன்றுகூடும் இடத்தில் விரலை வையுங்கள். அதுவே ஜவ்வாது மலை. படித்து மறந்த பாடம் கையால் அறுத்தபின் மறவாது.

இனி, என் சொந்தத் தோல்வி ஒன்றைச் சொல்லவேண்டும். பள்ளியில் படித்த நாளில் உறவினர் ஒருவர் எனக்கு ஒரு பிரட் ரம்பம் வாங்கிக் கொடுத்தார். இடிக்கப்பட்ட எங்கள் பழைய வீட்டுக் கதவிலிருந்து என் தாய்மாமன் ஒரு சாண் தேக்குப் பலகையைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். அமிர்திக்குப் போய்வந்த உற்சாகத்தில், அப்பலகையில் ஒரு மயிலை அறுத்துவிடுவது என்று துணிந்தேன். அலகு துருவேறியிருந்தது, அதைத் துடைக்கவில்லை. தளர்ந்திருந்தது, அதை இறுக்கவில்லை. தோகைவரை எப்படியோ அறுத்துவிட்டேன். கழுத்துக்கு வந்தபோது அலகு வளைந்து வரையை விட்டு விலகியது. சினத்தோடு இழுத்தேன். அலகும் ஒடிந்தது, மயிலின் கழுத்தும் முறிந்தது.

மாமா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. முறிந்த துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மரத்தின் ரேகை எப்படிப் போகிறது பார், தம்பி, நீ கழுத்தைக் குறுக்கே வைத்துவிட்டாய்" என்றார். அவ்வளவுதான். அந்த மரம் எங்கள் பாட்டனார் காலத்துக்கு முன்பே வளர்ந்து நின்றது. அதை ஒரு மாலைப் பொழுதில் நான் வீணாக்கினேன். அந்த ஒரு வாக்கியத்திலிருந்து நான் கற்கத் தொடங்கியவற்றையே இப்போது உங்களுக்கு முறைப்படுத்திச் சொல்லுகிறேன்.

முதலாவது, மரத்தின் ரேகை. மரம் ரேகையின் நெடுக்கில் வலியது; குறுக்கில் எளிதில் பிளப்பது. ஆதலின் சித்திரத்தில் எவ்வுறுப்பு மெல்லியதோ, அதன் நீளம் ரேகையோடு செல்லுமாறு வரையவேண்டும். மயிலுக்குக் கழுத்து, மானுக்குக் கால், கொடிக்குத் தண்டு ஆகியவற்றை இம்முறையில் காக்கவேண்டும். எல்லாப் பக்கமும் மெல்லிய உறுப்புகள் நீளும் சித்திரமாயின் ஒட்டுப்பலகையே ஏற்றது. அதில் ஒவ்வோர் ஏடும் அடுத்ததற்குக் குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் எப்பக்கமும் ஏறத்தாழ ஒத்த வலிமை உண்டு.

இரண்டாவது, அறுக்கும் வரிசை. சித்திரத்தின் உள்ளே வெற்றிடங்கள் இருப்பின் அவற்றையே முதலில் அறுக்கவேண்டும். சிறு துளையிட்டு, அலகின் ஒரு முனையைச் சட்டத்திலிருந்து கழற்றித் துளையின் வழியே கோத்து, மீண்டும் மாட்டி அறுப்பார்கள். வெளிவரையை இறுதியில் அறுத்தால், அதுவரையில் முழுப்பலகையும் சித்திரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். கூர்மையான மூலையில் திரும்பும்போது ரம்பத்தை முன்னே தள்ளாமல், நின்ற இடத்திலேயே மேலும் கீழும் இயக்கிக்கொண்டு பலகையை மெல்லத் திருப்பவேண்டும்.

மூன்றாவது, தக்க அலகைத் தேர்தல். பலகையின் கனத்துக்குள் எந்நேரமும் மூன்று பற்களாவது நிற்கவேண்டும் என்பது நல்ல விதி. பல் பெரிதாயின் மெல்லிய பலகையைக் கவ்விப் பிய்க்கும். மிகச் சிறிதாயின் கனத்த பலகையில் தூள் அடைத்துச் சூடேறி ஒடியும். தேக்கு மரத்தின் உள்ளே மணலின் இனமாகிய சிலிக்கா கலந்திருப்பதாலும், ஒட்டுப்பலகையில் இறுகிய பசை இருப்பதாலும், அவற்றை அறுக்கும்போது பற்கள் விரைவில் மழுங்கும். அலகு மழுங்கியதென்பதை எவ்வாறு அறிவது? கை தன்னையறியாமல் அழுத்தத் தொடங்கும். அந்நேரமே அதை மாற்றும் நேரம். மழுங்கிய அலகைச் சேமிப்பதாக எண்ணிப் பலகையை இழப்பவர் பலர்.

நான்காவது, அலகை மாட்டும் முறை. கைரம்பத்தில் பற்களின் முனை கீழ்நோக்கி, அஃதாவது கைப்பிடியை நோக்கி இருக்கவேண்டும். கீழே இழுக்கும்போது பலகை மேசையோடு அழுந்தி, வெட்டு ஒழுங்காக விழும். தலைகீழாக மாட்டினால் ஒவ்வொரு வெட்டுக்கும் பலகை துள்ளும். அலகின் இறுக்கத்தைச் செவியால் சோதிக்கலாம். விரலால் மீட்டினால் வீணைத் தந்தியைப் போல் தெளிந்த ஒலி எழவேண்டும். மந்தமாக ஒலித்தால் இறுக்கம் போதாது. வேலை முடிந்ததும் அவ்விறுக்கத்தைத் தளர்த்திவிடவேண்டும். நாணேற்றியே வைத்த வில் வலியிழப்பது போல, இரவு பகலாக இறுகிக் கிடக்கும் சட்டமும் தன் விசையை இழக்கும்.

மின்ரம்பம் உடையவர் மேலும் சிலவற்றைக் கவனிக்கவேண்டும். அலகை மாற்றுமுன் மின்செருகியைக் கழற்றிவிடுதல் தலையாய கடமை. அலகு மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஓர் அங்குலத்துக்கு மேற்பட்ட கனமுள்ள கட்டையில் ஆழமில்லாத வெட்டு ஒன்றை இடுங்கள். இயந்திரத்தை நிறுத்தி, கட்டையைப் படுத்தவாறே திருப்பி அலகின் பின்புறம் கொண்டுசெல்லுங்கள். அதே வெட்டுக்குள் அலகின் முதுகு தடையின்றி நுழைந்தால் மேசை சரியாக உள்ளது. சாய்ந்து நின்றால் மேசையைத் திருத்தவேண்டும். அலகைப் பிடிக்கும் கவ்விகளில் எண்ணெயும் தூளும் சேர்ந்தால் அலகு வழுக்கிக் கழன்றுவிடும். ஆகவே அவற்றைத் துடைத்து உலர்வாக வையுங்கள். மோட்டாரின் காற்றுத் துளைகளில் அடைந்த தூளை மென்மையான தூரிகையால் நீக்குங்கள். இயந்திரத்தில் அலகு ஓர் அங்குலத்துக்கும் குறைந்த தூரமே ஏறி இறங்குவதால், அதன் நடுவிலுள்ள சில பற்களே தேய்கின்றன. மேசையின்மேல் ஒரு துணைப்பலகையை வைத்து வேலைப்பரப்பை உயர்த்தினால், தேயாத பற்கள் வேலைக்கு வரும். ஓர் அலகு இரண்டு அலகின் பயன் தரும்.

இயந்திரத்தில் அறுக்கும்போது வெட்டு எப்போதும் ஒரே பக்கமாக விலகிச் செல்வதைக் கண்டு சிலர் தம் கையை நொந்துகொள்வர். குற்றம் பெரும்பாலும் கையினுடையது அன்று. அலகு செய்யும்போது அதன் ஒரு பக்கத்தில் நுண்ணிய பிசிறு நின்றுவிடுவதால், அப்பக்கம் சற்று மிகுதியாக அறுக்கும். பலகையை அதற்கேற்பச் சிறிது சாய்த்துத் தள்ளப் பழகினால் வரை பிசகாது.

துருவே இக்கருவிகளின் பெரும்பகை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரக்காற்றில் மெல்லிய அலகு ஒரு வாரத்திலேயே பழுப்பேறும். வேலை முடிந்ததும் தூளைத் துடைத்து, தையல் எந்திரத்துக்கு இடும் எண்ணெயை ஒரு துணியில் நனைத்து மெல்லத் தடவி, அலகுகளை மூடியுள்ள குழாயில் இட்டு வைக்கவேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டா. நாளடைவில் பிசுபிசுத்துத் தூளைப் பற்றிக்கொள்ளும். மீண்டும் எடுக்கும்போது எண்ணெயைத் துடைத்துவிட்டு, மெழுகுவத்தியை அலகில் இலேசாகத் தேய்த்தால் உராய்வு குறையும். பலகையில் கறையும் படியாது.

கருவியைப் பேணுவதோடு உடலையும் பேணவேண்டும். மரத்தூள் தீங்கற்றது என்று எண்ணுவது தவறு. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 1995-ஆம் ஆண்டில் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது. நெடுங்காலம் தூளைச் சுவாசிக்கும் தொழிலாளருக்கே இவ்வச்சம் மிகுதி. எனினும் மாணவரும் காற்றோட்டமான இடத்தில் அமர்ந்து, மூக்கையும் வாயையும் மறைக்கும் கவசம் அணிந்து வேலை செய்வதே அறிவுடைமை. உப்புத்தாள் தேய்க்கும்போது எழும் நுண்தூள் இன்னும் கொடியது. அலகு ஒடிந்து தெறிக்கலாமாதலின் கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும்.

பலகைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். காப்புக்காட்டில் ஒரு கிளையையும் தொடவேண்டா. அது சட்டப்படி குற்றம். தேவையும் இல்லை. தச்சுப்பட்டறையில் ஒதுக்கிய ஒட்டுப்பலகைத் துண்டுகள், பழம் வந்த பெட்டிகளின் சட்டங்கள், பழைய அலமாரியின் முதுகுப்பலகை ஆகியவை யாவும் நமக்குக் கருவூலங்களே. நிலமுடைய உழவர் வளர்த்து விற்கும் மலைவேம்பும் ஒட்டுப்பலகையாகி நம் கைக்கு வருகிறது. தேங்காய்ச் சிரட்டையைக்கூட இந்த ரம்பத்தால் அறுக்கலாம். ஒரு நூல் கனமும் ஒரு சாண் அகலமும் உள்ள துண்டு ஒரு மாணவனுக்கு ஒரு வாரத்து மாலைப்பொழுதுகளை நிரப்பப் போதும்.

மரத்தின் விலையை வணிகர் நிறுத்துக் கணக்கிடுவர். ஆனால் குப்பைக்குப் போகவிருந்த பலகை ஒரு மானாகவோ, ஒரு வேப்பிலையாகவோ, தமிழ்நாட்டுப் படமாகவோ மாறும்போது, அதற்கு ஏறிய மதிப்பு எந்த மரத்தையும் வீழ்த்தி வந்தது அன்று. அது கையிலிருந்து வந்தது. அக்கைக்குத் துணைநின்றது துருவேறாத, இறுக்கம் அறிந்த ஒரு மெல்லிய அலகு.

கழுத்து முறிந்த அந்தத் தேக்கு மயிலை நான் இன்றும் வைத்திருக்கிறேன். புதிதாக ஒரு பலகையை எடுக்கும்போதெல்லாம் முதலில் அதை ஒருமுறை பார்த்துக்கொள்வேன். பிறகு பலகையை வெளிச்சத்தில் பிடித்து ரேகை எப்பக்கம் ஓடுகிறது என்று தேடுவேன். அலகை விரலால் மீட்டி ஒலி கேட்பேன். அதன் பின்னரே அறுக்கத் தொடங்குவேன். நீங்கள் அடுத்தமுறை அமிர்திக்குச் சென்றால், மயிலைக் கண்டு மகிழ்ந்தபின், அது அமர்ந்திருக்கும் மரத்தையும் சற்று நின்று பாருங்கள். வீடு திரும்பியபின், வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு பலகைத் துண்டைத் தேடி எடுங்கள்.